பறவைக்குச் சமையல் பாத்திர வரி! மிட்டாய், முடி, பாட்டில் மூடி எல்லாம் கலையான கதை தெரியுமா?

ஒரு வெண்கலச் சிற்பத்தைச் சுங்க அதிகாரிகள் சமையல் பாத்திரக் கணக்கில் எழுதி வரி வசூலித்தார்கள், தெரியுமா? 1926-ஆம் ஆண்டு, நியூயார்க் துறைமுகம். பாரிஸிலிருந்து வந்து இறங்கிய பெட்டிகளுக்குள் ருமேனியச் சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குசியின் படைப்புகள். அவற்றில் ஒன்றின் பெயர் 'விண்ணில் பறவை'. இறக்கை இல்லை, அலகு இல்லை, கால் இல்லை. மெலிந்து நீண்டு மேலே எழும்பும் பளபளப்பான ஒரு வளைவு, அவ்வளவுதான். கலைப்பொருள் என்றால் அமெரிக்காவில் இறக்குமதி வரி கிடையாது. அதிகாரிகளுக்கோ இது பறவையாகவும் தெரியவில்லை, சிலையாகவும் தெரியவில்லை. 'சமையலறைப் பாத்திரங்கள், மருத்துவமனைச் சாமான்கள்' என்ற பிரிவில் போட்டு 40 சதவீத வரி விதித்துவிட்டார்கள்!

விஷயம் நீதிமன்றம் போனது. வழக்கின் பெயரே 'பிரான்குசி எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்'. எது சிற்பம், எது சிற்பமில்லை என்று நீதிபதிகள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய நிலைமை. சிற்பம் என்றால் இயற்கையில் இருக்கும் ஒன்றை, முக்கியமாக மனித உடலை, உள்ளபடி காட்ட வேண்டும் என்பதுதான் அதுவரை சட்டம் பிடித்துக்கொண்டிருந்த விளக்கம். பறவையை விலைக்கு வாங்கியிருந்த புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் சாட்சிக் கூண்டில் நின்றபோது, காட்டில் இதைப் பார்த்தால் பறவை என்று சுடுவீர்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். கைதேர்ந்த ஒரு மெக்கானிக் பித்தளையைத் தேய்த்து இதேபோல் ஒன்றைச் செய்துவிட மாட்டாரா என்று சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைனிடம் கேட்டது அரசுத் தரப்பு. அவர் சொன்ன பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. மெக்கானிக்கால் மெருகேற்ற முடியும், இப்படியொன்றை மனதில் கருக்கொள்ள முடியாது. முடிந்தால் அந்தக் கணமே அவர் மெக்கானிக் இல்லை, கலைஞர் ஆகிவிடுகிறார் என்றார் எப்ஸ்டைன். 1928 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பறவை ஜெயித்தது!

இன்னொரு வியப்பு. அந்தச் சிற்பங்களுக்குத் துணையாக அட்லாண்டிக்கைக் கடந்து கப்பலில் வந்தவர் யார் தெரியுமா? மார்செல் துஷாம். ஆமாம், சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பிய அதே துஷாம்!

அந்தக் கதை 1917-இல் நடந்தது. கட்டணம் செலுத்தும் யாருடைய படைப்பையும் காட்சிக்கு வைப்போம், நடுவர் குழு கிடையாது என்று நியூயார்க்கில் ஓர் ஓவியர் சங்கம் அறிவித்தது. துஷாமும் அதன் நிர்வாகிகளில் ஒருவர். கடையில் வாங்கிய பீங்கான் சிறுநீர்க் கோப்பையைப் படுக்கவைத்து, 'ஆர். மட், 1917' என்று பொய்க் கையெழுத்திட்டு, 'நீரூற்று' என்று பெயர் சூட்டி, கட்டணத்தோடு அனுப்பினார். எல்லாவற்றையும் ஏற்போம் என்றவர்கள் இதை மட்டும் மறைத்துவிட்டார்கள். துஷாம் பதவியை உதறினார். அசல் கோப்பை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த ஒரு புகைப்படம் மட்டும் மிஞ்சியது. இன்று பெரிய அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பவை பின்னாளில் வந்த பிரதிகள். 1964-இல் செய்யப்பட்ட பிரதிகளுக்கு அந்தப் புகைப்படம்தான் மாதிரி. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த ஒரு சாமானை, படத்தைப் பார்த்துப் பார்த்து, சிற்பம் வடிப்பதுபோல் மறுபடி வடிக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்! 2004-இல் 500 கலைத்துறை வல்லுநர்களிடம் கேட்டபோது, நவீன கலையில் அதிகத் தாக்கம் செலுத்திய படைப்பு என்று இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார்கள்.

துஷாமுக்கும் முன்பே, 1912-இல், பிகாசோ ஒரு காரியம் செய்துவிட்டார். பிரம்பு நாற்காலி போல அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். 1942-இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து வைத்தார், காளையின் தலை! வேறு எதுவும் சேர்க்கவில்லை. ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதற்குப் பிறகு எந்த சைக்கிளும் வெறும் சைக்கிளாகத் தெரியாது. 1936-இல் மெரெட் ஓப்பன்ஹைம் என்ற இளம்பெண், கடையில் வாங்கிய தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றுக்கும் மான் ரோமத்தால் உறை போட்டார். படத்தில் பார்த்தாலே நாக்கில் முடி ஒட்டியதுபோல் இருக்கும்!

சரி, கலைஞர் கலை என்கிறார், நீதிபதியும் ஒப்புக்கொள்கிறார். துப்புரவுப் பணியாளர்?

ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸுக்குக் கொழுப்பும் கம்பளியும்தான் பிடித்த பொருள்கள். டுசல்டார்ஃப் கலைக்கழகத்தில் தன் அறையின் மூலையில், உயரத்தில், சில கிலோ வெண்ணெயை அப்பி வைத்தார். அதுதான் 'கொழுப்பு மூலை'. 1986-இல் அவர் இறந்த சில மாதங்களில் அது சுத்தம் செய்யப்பட்டுவிட்டது. பாய்ஸின் மாணவர் வழக்குப் போட, அரசு 40,000 மார்க் இழப்பீடு கொடுத்தது. 2011-இல் டார்ட்மண்ட் அருங்காட்சியகத்தில் மார்ட்டின் கிப்பன்பெர்கர் செய்த ஒரு படைப்பு இருந்தது. மரச்சட்டங்களை அடுக்கிய கோபுரம். அதன் அடியில் ரப்பர் தொட்டி. தொட்டிக்குள் காய்ந்த நீர்க்கறை போலத் தீட்டிய வண்ணம். பணியாளர் அந்தக் கறையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டார். காப்பீட்டு மதிப்பு 8,00,000 யூரோ! 2015-இல் இத்தாலியின் போல்சானோ நகரில், விருந்து முடிந்த அறையைப் போலக் காலி ஷாம்பெயின் பாட்டில்களும் சிகரெட் துண்டுகளும் பரப்பியிருந்த காட்சியை, நேற்றிரவு விருந்தின் மிச்சம் என்று நினைத்துப் பைகளில் அள்ளிக் கட்டிவிட்டார்கள். பைகள் கைக்குக் கிடைத்ததால் மறுபடி பரப்ப முடிந்தது.

இந்தச் செய்திகள் வரும்போதெல்லாம் அந்தப் பணியாளர்களைக் கேலி பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். ஒரு பொருள் கலையாகத் தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகையும் யாராவது சொல்லும் ஒரு கதையும் வேண்டியிருக்கிறது. காலையில் வாளியோடு வருபவரிடம் அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் கலைக்காக வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது, தெரியுமா? பெர்லினின் ரைஷ்டாக் கட்டடத்தைத் துணியால் போர்த்த வேண்டும் என்று கிறிஸ்டோவும் அவர் மனைவி ஜான் கிளாடும் 1971-இலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1994-இல் ஜெர்மன் நாடாளுமன்றம் விவாதித்து, 292-க்கு 223 என்ற கணக்கில் அனுமதி தந்தது. 1995 கோடையில் 1,00,000 சதுர மீட்டர் வெள்ளி நிறத் துணி! இரண்டே வாரம் இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஐம்பது லட்சம் பேர்!

இனி விலை விஷயம். 1961-இல் இத்தாலியின் பியரோ மன்சோனி 90 தகர டப்பாக்களை அடைத்து, உள்ளே இருப்பது கலைஞரின் மலம், நிகர எடை 30 கிராம் என்று நான்கு மொழிகளில் ஒட்டினார். விலை? அதே எடைத் தங்கத்தின் அன்றைய விலை. 2016-இல் மிலானில் ஒரு டப்பா 2,75,000 யூரோவுக்கு ஏலம் போனது. 2019-இல் மவுரிசியோ கட்டெலான் மயாமியில் ஒரு வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். விலை 1,20,000 டாலர். கண்காட்சி நடக்கும்போதே இன்னொரு கலைஞர் வந்து பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை, வேறு பழம் ஒட்டினார்கள். ஏனென்றால், வாங்குகிறவர் கைக்கு வருவது ஒரு சான்றிதழும் ஒட்டும் முறையும்தான். பழத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அது 62 லட்சம் டாலரைத் தொட்டது. வாங்கியவரும் பழத்தைச் சாப்பிட்டார்! அன்று சுவரில் இருந்தது ஏல நிறுவனத்துக்குப் பக்கத்துத் தெருக்கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கிய பழம். அந்தக் கடையில் நாள் முழுக்க நின்று பழம் விற்கும் தொழிலாளியின் கூலியை நினைத்தால், என்னால் இந்தக் கதையை ரசிக்க முடியவில்லை. கட்டெலானின் யோசனை கூர்மையானதுதான். ஆனாலும் பழத்தைப் பற்றி அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. வேறு எதை ஒட்டியிருந்தாலும் கதை இதேதான்.

மிட்டாய் அப்படியில்லை.

சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு மூலையில் மிட்டாய்க் குவியல் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம், பொன்னிறம் என்று பளபளக்கும் தாள்களில் சுற்றிய சாதாரண மிட்டாய். போகிறவர்கள் ஒன்றை எடுத்துச் சாப்பிடலாம், பாதுகாவலர் தடுக்க மாட்டார். செய்தவர் பெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ், கியூபாவில் பிறந்தவர். ஆண்டு 1991. குவியலின் உகந்த எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. ஏன் அந்த எடை தெரியுமா? இது ஓர் உருவப்படம். ராஸ் என்பவருடையது, பெலிக்ஸின் காதலர். அந்த ஆண்டுதான் எய்ட்ஸ் நோயால் இறந்துபோயிருந்தார். 79 கிலோவை நலமாக இருந்த ஒருவரின் உடல் எடை என்று படிக்கிறார்கள். ஆளாளுக்கு ஒன்று எடுக்க எடுக்க, நோயில் உடல் கரைந்ததுபோலக் குவியல் கரைகிறது. மீண்டும் நிரப்புகிறார்கள், மீண்டும் கரைகிறது. வாயில் இனிப்போடு நிற்கும்போது, யாருடைய உடலிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சாப்பிடுகிறோம் என்று புரிந்தால் எப்படி இருக்கும்! எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே அஞ்சிய காலம் அது. பெலிக்ஸும் 1996-இல் அதே நோயில் போய்ச் சேர்ந்தார். பளிங்கிலோ எண்ணெய் வண்ணத்திலோ இதைச் சொல்லவே முடியாது. மிட்டாயால் மட்டும்தான் முடியும்.

என்னைக் கேட்டால், பொருள் விசித்திரமாக இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்தப் பொருள் தன் பழைய வாழ்க்கையையும் கூடவே சுமந்துகொண்டு வரவேண்டும். அப்போதுதான் மனம் அதிர்கிறது. டேமியன் ஹிர்ஸ்ட் 1991-இல் ஃபார்மால்டிஹைடு தொட்டிக்குள் மிதக்கவிட்ட சுறா மீன் அழுகிப்போய், 2006-இல் வேறு சுறாவைப் போட்டார்கள். மார்க் குவின் தன் ரத்தத்தையே நாலரை லிட்டர் சேர்த்து, தன் தலையின் வடிவில் உறையவைத்தார். ஃபிரீசர் ஓடும்வரைதான் அந்தச் சிலைக்கு ஆயுள். வியப்புதான், மறுக்கவில்லை. என்றாலும் பின்வரும் மூன்று சங்கதிகளுக்கு முன்னால் எனக்கு அவை சிறியவை.

நேர்த்திக்கடனுக்கு மொட்டை போடுகிறோமே, அந்த முடி கலையானது தெரியுமா? நீளமான முடி ஏலத்தில் போய் வெளிநாட்டில் சவுரியாகிறது. குட்டையான முடியை என்ன செய்கிறார்கள்? கயிறாகத் திரித்து, திருஷ்டி படாமல் இருக்க வண்டி பம்பரில் கட்ட விற்கிறார்கள். லாரியில், வேனில் நாம் தினமும் பார்க்கிற அதே கறுப்புக் கயிறு! பெங்களூருவில் வாழும் ஷீலா கவுடா இந்த முடிக்கயிற்றில் 4,000 மீட்டரும், கூடவே பளபளக்கும் 20 கார் பம்பர்களும் எடுத்து 2009-இல் ஓர் ஆக்கம் செய்தார். இரும்புப் பம்பர்கள் காற்றில் தொங்கும். அவற்றைத் தாங்கிப் பிடித்திருப்பது முடி! எத்தனையோ ஆயிரம் பேரின் வேண்டுதல் அந்தக் கயிற்றில் இருக்கிறது. இப்போது அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சொத்து. இதே ஷீலா கவுடா ஓவியராகத் தொடங்கி, மும்பைக் கலவர நாள்களுக்குப் பிறகு தூரிகையை வைத்துவிட்டுச் சாணத்தைக் கையில் எடுத்தவர். நூற்றுக்கணக்கான அடி நூலை ஊசிகளில் கோத்து, குங்குமமும் பசையும் பூசிச் செங்குடல் போலத் தொங்கவிட்டவரும் அவரே. நுனிகளில் ஊசிகள் கோத்தபடியே தொங்கும்.

சென்னையில் வாழும் பெனிதா பெர்சியல் சாம்பிராணியும் மூலிகையும் வாசனைப் பொருள்களும் குழைத்துச் சிலை செய்கிறார். 2014-இல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் அந்தச் சிலைகளை வைத்தார். மசாலாக் கப்பல்கள் வந்து போன துறைமுக ஊரில், மணக்கும் சிலைகள்!

எல் அனாட்சுயி கானாவில் பிறந்தவர், நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் சிற்பம் கற்பித்தவர். தொண்ணூறுகளின் இறுதியில் ஊர்ப்புறத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு மூட்டை அவர் கண்ணில் பட்டது. உள்ளே மதுப்பாட்டில் மூடிகள். அவற்றைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, ஓரத்தில் துளையிட்டுச் செப்புக்கம்பியால் ஒன்றோடொன்று தைத்தார். உதவியாளர்கள் பலர் சேர்ந்து மாதக்கணக்கில் தைக்கத் தைக்க, சுவர் முழுக்கப் பரவும் சரிகைப் பட்டுபோல் ஒன்று உருவானது. தூரத்திலிருந்து தங்கம், கிட்டே போனால் மூடியில் அச்சடித்த சாராயக் கம்பெனிப் பெயர். ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரையில் மதுவைக் கொடுத்து மனிதர்களை வாங்கிய வரலாறு அந்த மூடிகளுக்குப் பின்னால் நிற்கிறது. இவ்வளவு பெரிய படைப்பை மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடலாம்! எப்படித் தொங்கவிடுவது என்பதை அந்தந்த அருங்காட்சியகத்தின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார். ஒவ்வோர் ஊரிலும் வேறு மடிப்பு, வேறு உருவம். 2015-இல் வெனிஸ் பினாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வழங்கியது.

இவர்களெல்லாம் படித்துப் பட்டம் பெற்ற கலைஞர்கள். கலை என்ற சொல்லையே பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கட்டியவர்களும் உண்டு, தெரியுமா?

பிரான்ஸின் ஓட்ரீவ் கிராமத்துத் தபால்காரர் ஃபெர்டினான் ஷெவால். 1879-இல், 43 வயதில், தபால் கொடுக்க நடந்துபோகையில் ஒரு கல் தடுக்கியது. அதன் உருவத்தில் சொக்கிப்போய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னொரு கல். பிறகு பை போதாமல் கூடை, கூடை போதாமல் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. பகலில் தபால், இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுமானம். 33 ஆண்டுகள்! 1912-இல் முடித்தபோது, அரக்கர்களும் விலங்குகளும் கோபுரங்களும் நிறைந்த ஓர் அரண்மனை நின்றது. அந்தத் தள்ளுவண்டிக்கும் உள்ளே ஒரு மாடம் கட்டிவைத்தார். 1969-இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அதை வரலாற்றுச் சின்னமாக்கினார்.

சண்டிகரில் பொதுப்பணித் துறைச் சாலை ஆய்வாளர் நேக் சந்த். பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர். கட்டடக் கலைஞர் ல கொர்புசியே வரைந்த புதிய நகரத்துக்காகச் சுற்றுக் கிராமங்களை இடித்தார்கள் அல்லவா, அந்த இடிபாடுகளையெல்லாம் சைக்கிளில் அள்ளிவந்தார். உடைந்த வளையல், உடைந்த பீங்கான், பழைய மின்சாமான். 1957 வாக்கில் தொடங்கி, அரசின் காட்டு நிலத்தில், யாருக்கும் தெரியாமல், ஏறக்குறைய 18 ஆண்டுகள்! வளையல் துண்டுகளையே ஆடையாக உடுத்து வரிசை வரிசையாகப் பெண்கள், குரங்குகள், பறவைகள். சட்டப்படி அது ஆக்கிரமிப்பு, இடித்திருக்கலாம். இடிக்காமல் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுத்து, 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த அதிகாரிகளுக்கு என் வணக்கம். புதிய நகரம் விழுங்கிய கிராமங்கள், துண்டு துண்டாகவேனும், அந்தத் தோட்டத்துக்குள் இருக்கின்றன.

கடைசியாக லாஸ் ஏஞ்சலஸ், வாட்ஸ் பகுதி. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளி சைமன் ரோடியா 1921-இல் தன் வீட்டு மனையில் கோபுரம் எழுப்பத் தொடங்கினார். இரும்புக் கம்பி, கம்பி வலை, சிமெண்ட். வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை, சாரமும் இல்லை. ஜன்னல் துடைப்பவர்களின் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். கம்பியைப் பக்கத்து ரயில் தண்டவாளத்தில் கொடுத்து வளைத்தார். உடைந்த தட்டு, ஓடு, கிளிஞ்சல், செவன் அப் குளிர்பானப் பாட்டிலின் பச்சைக் கண்ணாடி எல்லாவற்றையும் ஈரச் சிமெண்டில் பதித்தார். உயரமான கோபுரம் ஏறக்குறைய 100 அடி. 1954-இல் முடித்துவிட்டு, இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

ஆபத்தான கட்டுமானம், இடித்துத் தள்ளுங்கள் என்றது நகராட்சி. காப்பாற்றத் திரண்டவர்கள் போராடி, 1959 அக்டோபரில் ஒரு சோதனைக்குச் சம்மதிக்க வைத்தார்கள். கோபுரத்தில் கம்பிவடம் கட்டி, 10,000 பவுண்டு விசையால் பக்கவாட்டில் இழுப்பது; சாய்ந்தால் இடிப்பு, நின்றால் பிழைப்பு. ஊரே கூடி நின்று பார்த்தது. இழுத்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவியின் இரும்புச் சட்டம்தான் வளைந்தது! இடிப்பு உத்தரவு அன்றோடு போயிற்று. 1994-இல் அதே நகரத்தைக் குலுக்கிய நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் கோபுரங்கள் விழவில்லை.